உடைமைப் பதிவேடு

இரவு ஒன்பதே கால். கோவை.
வேனிலிருந்து இறங்கியவன் பெயரைப்
பதிவேட்டில் எழுதினேன்.
இங்கே எழுத மாட்டேன், சட்டம் விடாது.
வரிசை எண் நூற்றுப் பதினேழு.
ஸ்டேஷனில் பத்தொன்பது வயது என்றார்களாம்,
பள்ளிக்கூடத்துத் தாள் பதினாறு என்றது.
மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்
எலும்பு பள்ளிக்கூடத்தின் பக்கம் பேசியது.

தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஒயர் அறுத்த வழக்கு.
ரப்பரை எரித்துச் செம்பை உரித்த புகை
அவன் தலைமுடியில் இன்னும் இருந்தது.

பையைக் காலி செய்யச் சொன்னேன்.
செல்போன் ஒன்று, சிம் இல்லை.
முப்பத்திரண்டு ரூபாய்.
ஊர் பெயர் அழிந்த ஒரு பஸ் டிக்கெட்.
செருப்பு?
ஓடும்போது விட்டதாம்.

"சட்டையத் தூக்கு."

அரணாக்கயிறு.
கறுப்பு, அதில் ஒரு தாயத்துக் குப்பி.
கயிறென்று எதுவும் உள்ளே போகக் கூடாது.
ஏன் என்று, கழிப்பறை ஜன்னலுக்கு
வலை அடித்த வருசம் தெரிந்துகொண்டோம்.

"இது மட்டும் இருக்கட்டுங்ணா.
பொணத்துக்குத்தானுங் அறுப்பாங்க."

அவிழ்த்துவிடலாம் என்று குனிந்தேன்.
வேர்வையும் எண்ணெயும் குடித்த முடிச்சு
வேப்பங்கொட்டையாக இறுகிக் கிடந்தது.
நகத்தால் நெம்பினேன், அப்புறம் ஊக்கால்.
பல்லை வைத்திருந்தால் வந்திருக்கும்.
வைக்கவில்லை.
"இன்னும் திருப்பூர் போகோணுமப்பா"
என்று ஏட்டு சாவியை ஆட்டினார்.
பையன் மூச்சைப் பிடித்து
வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்,
எனக்கு வசதியாக.
கத்தரிக்கோலை எடுத்தேன்.

வட்டமாக இருந்தது நீளமானது.

கறுப்புக் கயிறு, எண்ணிக்கை ஒன்று.
அடுத்த கட்டம், பொருளின் நிலை:
அறுந்தது என்று எழுதினேன்.
அறுத்தது என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.
ஓர் எழுத்துதான். மை காய்ந்துவிட்டது.

கூர்நோக்கு இல்லம் என்கிறது வாசல் பலகை.
கூர்ந்து நோக்க இரவில் நாங்கள் இரண்டு பேர்,
நாற்பத்தொரு பையன்கள்,
எரிகிற டியூப்லைட் மூன்று.
இரண்டு மணித் தலையெண்ணிக்கையில்
ஒரு தலை மட்டும் உட்கார்ந்திருந்தது.
"தறிச் சத்தம் இல்லாம தூக்கம் வரலீங்."
சோமனூர்ப் பக்கம். பிறந்ததிலிருந்து
தறிக்குடோன் சுவரோரம் படுத்தவன்.
விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான்,
டக்கடக் டக்கடக்.
பக்கத்துக் கட்டில் கெட்டவார்த்தை சொன்னது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்,
அது கொஞ்சம் கடகடக்கும்.

இருபத்தாறாம் நாள் ஜாமீன்.
தறிக்காரர் கையெழுத்துப் போட வரவில்லை,
யாரோ ஒரு பேக்கரிக்காரர் வந்தார்.
ஏன் என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை.
அம்மாவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

பையைக் கொட்டிச் சரிபார்க்கச் சொன்னேன்.
முப்பத்திரண்டையும் இருமுறை எண்ணினான்.
கயிற்றைக் கையில் எடுத்து
அறுபட்ட இடத்தை விரலால் தொட்டான்.
குப்பியை உருவிக்கொண்டு
கயிற்றை என் மேசையிலேயே விட்டான்.
அம்மா முந்தியில் முடிந்திருந்த
புதுக்கயிறு சிவப்பு.
"இங்கெ வேண்டாஞ்சாமி,
கேட்டத் தாண்டிக் கட்டிக்கலாம்."

கையெழுத்து வாங்கினேன். பெற்றுக்கொண்டேன்.
பொருள்கள் நான்கு. நான் திருத்தவில்லை.

நிலையில் நின்று திரும்பினான்.
"போயிட்டு வர்றேனுங்ணா."
அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.
"வர்றேங்காதடா இங்கெ!
போறேன்னு சொல்லு."

எந்த வீட்டு வாசலிலும்
அந்த வார்த்தையைச் சொல்லி அடி வாங்காமல்
வளர்ந்த பிள்ளை இந்தச் சீமையில் இல்லை.
அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வாய் திறந்தது. வரவில்லை.
தலையை மட்டும் ஆட்டினான்.

பதிலுக்கு எனக்கும் பழக்கம்தானே வருகிறது.
சரி கண்ணு,
போயிட்டு